கிட்டங்கிச் சரக்கு அசையாமல் நிர்வாகத்தை மாற்றலாம்: வீட்டுச் சேமிப்புக் கூட்டும் கண்டெய்னர் முறையும்

வியாபாரத்தில் சரக்கு போனால் மறுபடி வாங்கிவிடலாம். கணக்கு போனால் எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது. சிட்டை, பேரேடு, பற்று வரவுப் புத்தகம் ஆகியவற்றை நம் முன்னோர் பெட்டகத்தில் பூட்டி வைத்ததற்குக் காரணம் இதுதான். இன்று அந்தப் பேரேடு கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. விற்பனை பில், ஈ-வே பில், கொள்முதல் ரசீதின் நகல், வங்கிக் கணக்கு விவரம், கடைக் கேமராவின் பதிவு என்று எல்லாமே ஹார்டு டிஸ்க்கில்தான் இருக்கின்றன.

சட்டமும் இதில் கண்டிப்பாக இருக்கிறது. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 36ஆவது பிரிவின்படி, ஓர் ஆண்டின் கணக்குகளை அந்த ஆண்டுக்குரிய ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 2023-24ஆம் ஆண்டுக்கான கடைசி நாள் 2024 டிசம்பர் 31. ஆகவே அந்த ஆண்டின் பில்கள் 2030 டிசம்பர் 31 வரை நம் கையில் இருந்தாக வேண்டும். மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் இன்னும் நீளலாம். கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்குக் கம்பெனிச் சட்டப்படி 8 நிதியாண்டுகள்.

அத்தனை ஆண்டுகள் பழுதில்லாமல் ஓடும் என்று எந்த ஹார்டு டிஸ்க்குக்கும் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. எனவேதான் கிளைகள் உள்ள சில கடைக்காரர்களும், கம்ப்யூட்டரில் ஆர்வமுள்ள பிள்ளைகளைப் பெற்ற மொத்த வியாபாரிகளும் வீட்டு மாடியில் இரண்டு மூன்று கம்ப்யூட்டர்களை இணைத்து ஒரு சேமிப்புக் கூட்டு வைத்துக்கொள்கிறார்கள். அப்படி வைத்திருப்பவர்கள் முன் இன்று நிற்கும் கேள்வி ஒன்று: பழைய முறையில் ஓடும் இந்தக் கூட்டை கண்டெய்னர் முறைக்கு மாற்றலாமா? மாற்றும்போது கணக்கு அழிந்துவிடுமா? இதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

சேமிப்புக் கூட்டு என்பது என்ன?

ஒரே கிட்டங்கியில் எல்லாச் சரக்கையும் அடுக்கிவைத்து, அங்கே தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். அதே பயத்துக்கான மருந்துதான் சேமிப்புக் கூட்டு. இவ்வகையில் புகழ்பெற்றது செஃப் என்ற இலவச மென்பொருள். அமெரிக்காவில் சான்டா குரூஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேஜ் வைல் என்ற மாணவர் தம் டாக்டர் பட்ட ஆய்வுக்காக இதை உருவாக்கி, 2006இல் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார். ஜெனீவாவில் உள்ள செர்ன் அணு ஆராய்ச்சி மையம் போன்ற பெரிய இடங்களில் ஓடும் அதே மென்பொருள் மூன்று சாதாரணக் கம்ப்யூட்டர்களிலும் ஓடும்.

இதன் உள்ளே நான்கு வகை வேலையாட்கள் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். முதலாவது, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு கிட்டங்கிக் காவலர். தரவை வாங்கி வைப்பதும் கேட்டால் எடுத்துக் கொடுப்பதும் அவர் வேலை. இவரை ஓஎஸ்டி என்பார்கள். இரண்டாவது, பஞ்சாயத்தார். எந்தக் காவலர் வேலையில் இருக்கிறார், எவர் விழுந்துவிட்டார் என்று தீர்ப்புச் சொல்பவர்கள். மானிட்டர் என்று பெயர். பெரும்பான்மை வைத்தே இவர்கள் முடிவெடுப்பதால் மூவர், ஐவர் என்று ஒற்றைப்படையில் வைப்பார்கள். மூவரில் ஒருவர் வராவிட்டாலும் பஞ்சாயத்து நடக்கும். இருவர் வராவிட்டால் கூட்டு அப்படியே நின்றுவிடும். மூன்றாவது, மேற்பார்வை பார்க்கும் மேனேஜர். நான்காவது, கோப்புகளின் பெயரையும் அவை இருக்கும் அடைவையும் பதிந்து வைக்கும் குமாஸ்தா. இவரை எம்டிஎஸ் என்பார்கள்.

ஒவ்வொரு தரவுக்கும் மூன்று பிரதிகள் எடுத்து, மூன்று கம்ப்யூட்டர்களில் ஒன்றொன்றாக வைப்பதே வழக்கமான ஏற்பாடு. கணக்கு எளிது. ஒரு கம்ப்யூட்டருக்கு 4 டெராபைட் டிஸ்க் 2 வீதம் மூன்று கம்ப்யூட்டருக்கு மொத்தம் 24 டெராபைட். மூன்று பிரதி போக நமக்குப் பயன்படுவது 8 டெராபைட். அதிலும் டிஸ்க் 85 சதவீதம் நிரம்பியதுமே எச்சரிக்கை வந்துவிடும். 95 சதவீதத்தில் எழுதுவதே நின்றுவிடும். எனவே 6.8 டெராபைட்டுக்கு மேல் நிரப்பக்கூடாது என்று வைத்துக்கொள்வதே விவேகம்.

பழைய முறையில் என்ன கஷ்டம்?

கம்ப்யூட்டரில் லினக்ஸை ஏற்றி, அதன் மேல் நேரடியாக செஃப்பை நிறுவுவது பழைய முறை. கம்ப்யூட்டர்காரர்கள் இதை 'வெறும் இரும்பில் ஓட்டுவது' என்பார்கள். ஓடுகிறவரை இதில் குறையே இல்லை. கஷ்டம் வருவது லினக்ஸுக்கு வயதாகும்போதுதான்.

செஃப்பின் ஒவ்வொரு வெளியீடும் குறிப்பிட்ட சில லினக்ஸ் பதிப்புகளுக்கென்றே கட்டித் தரப்படுகிறது. புதிய செஃப் வேண்டுமானால் புதிய லினக்ஸ் வேண்டும்; புதிய லினக்ஸில் பழைய செஃப் ஏறாது. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாட்டை மாற்றவேண்டுமானால் மறு மாட்டையும் அதே நொடியில் மாற்ற வேண்டும் என்பது போல. லினக்ஸின் ஆயுளும் நம் கையில் இல்லை. சென்ட்ஓஎஸ் 8 என்ற பதிப்புக்கு 2029 வரை ஆதரவு கிடைக்கும் என்று நம்பிப் பலர் ஏற்றினார்கள். 2020 டிசம்பரில் வந்த அறிவிப்பு அதை 2021 டிசம்பர் 31உடன் முடித்துவிட்டது. அதற்கு முந்தைய சென்ட்ஓஎஸ் 7 பதிப்பின் ஆதரவு 2024 ஜூன் 30இல் முடிந்தது. ஆதரவு முடிந்தால் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. திருத்தம் வராத கம்ப்யூட்டரில் கணக்கை வைப்பது, பூட்டு பழுதான கடையில் கல்லாவை வைப்பதற்குச் சமம்.

துறைமுகத்திலிருந்து வந்த பெயர்

கண்டெய்னர் என்றால் நமக்கு விளக்கம் தேவையில்லை. தூத்துக்குடியிலும் சென்னையிலும் தினந்தோறும் பார்க்கிறோம். 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரித் தொழிலதிபர் ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி, நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உதிரிச் சரக்கை ஆள் வைத்து ஏற்றினால் டன்னுக்குச் சுமார் 6 டாலர் ஆன செலவு, பெட்டி முறையில் 16 சென்ட் அளவுக்கு இறங்கியது என்று அப்போது கணக்கிட்டார்கள். ரகசியம் பெட்டியின் அளவில் இருக்கிறது. 20 அடி, 40 அடி என்று அளவு ஒன்றாகிவிட்டதால், உள்ளே வெங்காயமா, மோட்டார் பம்பா என்று கிரேன் ஓட்டுபவர் கேட்க வேண்டியதில்லை. லாரியும் ரயிலும் கப்பலும் ஒரே பெட்டியைத் தூக்கும்.

கம்ப்யூட்டர் கண்டெய்னரும் இதே யோசனைதான். ஒரு புரோகிராமை, அது ஓடுவதற்குத் தேவையான துணைப் புரோகிராம்கள் அனைத்தோடும் சேர்த்து ஒரே பெட்டியாகக் கட்டிவிடுகிறார்கள். வெளியே எந்த லினக்ஸ் இருக்கிறது என்பது உள்ளே இருப்பதற்குப் பெரிய விஷயம் இல்லை. புரோகிராம்களைக் கூட்டங்கூட்டமாகப் பிரித்து அளவு வைக்கும் வசதியை கூகுள் பொறியாளர்கள் 2006இல் எழுதத் தொடங்கினார்கள். 2008 ஜனவரியில் வந்த லினக்ஸில் அது சேர்ந்தது. 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் என்பவர் டாக்கர் என்ற மென்பொருளை அறிமுகப்படுத்திய பிறகே இது எல்லோருக்கும் எட்டியது. டாக்கர் என்றால் துறைமுகத்தில் ஏற்றி இறக்கும் தொழிலாளி என்று பொருள். பாட்மேன் என்ற இன்னொரு மென்பொருளும் இதே வேலையைச் செய்கிறது.

செஃப்பைக் கண்டெய்னரில் நிறுவி நிர்வகிக்கும் செஃப்அட்ம் என்ற கருவி, 2020 மார்ச்சில் வெளிவந்த ஆக்டோபஸ் என்னும் 15ஆவது பதிப்புடன் வந்தது. முன்பே ஓடிக்கொண்டிருக்கும் கூட்டை அப்படியே ஏற்றுக்கொள்ளும் வழியும் இதில் உண்டு. அதற்கான கட்டளையின் பெயரே தத்தெடுத்தல் என்பதுதான். நம் வீடுகளில் சுவீகாரம் என்போமே, அதே. பிள்ளை அதே பிள்ளை; உடம்பில் மாற்றம் இல்லை; வீடு மட்டும் மாறுகிறது.

சரக்கு நகர்வதில்லை

பலருக்கும் உள்ள பயம், 'இத்தனை டெராபைட்டையும் ஒரு பெட்டிக்குள் எடுத்து வைக்கும்போது வழியில் கொட்டிவிட்டால்?' என்பது. இங்கேதான் தெளிவு வேண்டும். கண்டெய்னருக்குள் போவது காவலர்தான்; கிட்டங்கிச் சரக்கு போவதில்லை. டிஸ்க்கில் எழுதப்பட்டிருக்கும் தரவில் ஒரு எழுத்தைக்கூட இந்த மாற்றம் தொடுவதில்லை. இதுவரை கிட்டங்கி வாசலில் நின்று காவல் காத்தவர், இனி வாசலில் போட்ட ஒரு சிறு அறைக்குள் உட்கார்ந்து அதே சாவியை வைத்துக்கொண்டு அதே காவலைப் பார்க்கிறார். அவ்வளவே.

காவலரின் அடையாளச் சீட்டும் சாவியும் இருக்கும் சிறிய அடைவு மட்டும் இடம் மாறும். பஞ்சாயத்தாரின் குறிப்பேடும் அதே கம்ப்யூட்டருக்குள் புதிய அடைவுக்குப் போகும். மாறுதலுக்கு ஆகும் நேரம் ஒரு காவலருக்கு ஓரிரு நிமிடம். அந்த நேரத்தில் மற்ற இரண்டு பிரதிகள் வேலை பார்ப்பதால் கடையில் பில் போடுவது நிற்காது. ஆனால் குறைந்தது இரண்டு பிரதிகள் கைக்கு எட்டினால்தான் செஃப் எழுதவும் படிக்கவும் விடும். அவசரப்பட்டு இரண்டு கம்ப்யூட்டர்களில் ஒரே சமயத்தில் கை வைத்தால் பில் நின்றுவிடும். ஆகவே இந்த வேலையின் முதல் விதி: ஒன்று முடிந்த பிறகே அடுத்தது.

தொடங்குமுன் செய்ய வேண்டியவை

1. கூட்டு முழு ஆரோக்கியமாக இருக்கிறது என்ற பதில் செஃப்பிடமிருந்து வர வேண்டும். ஒரு சிறு எச்சரிக்கை இருந்தாலும் அதைத் தீர்த்துவிட்டே தொடங்க வேண்டும். காய்ச்சலோடு இருப்பவரை அறுவை மேசையில் படுக்கவைக்கக் கூடாது.

2. கணக்குகளின் தனி நகல் ஒன்றைக் கூட்டுக்கு வெளியே எடுத்துவைக்க வேண்டும். மூன்று பிரதி இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. ஒருவர் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் மூன்று பிரதியிலும் அது அழியும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தாலும் மூன்றும் பூட்டப்படும். பிரதி என்பது டிஸ்க் கெட்டால் காப்பாற்றும். மனிதத் தவறிலிருந்து காப்பாற்றாது. நகலை எடுத்ததோடு நில்லாமல், ஏதேனும் பத்துப் பில்களை அதிலிருந்து திறந்து பார்த்துவிட வேண்டும்.

3. ஓடும் செஃப் ஆக்டோபஸ் பதிப்போ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். பழையதானால் முதலில் பதிப்பை உயர்த்தி, சில நாள் ஓடவிட்டு, பிறகே தத்தெடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் செய்தால், கோளாறு வந்தால் எது காரணம் என்று தெரியாது.

4. டிஸ்க்குகள் புளூஸ்டோர் என்ற அமைப்பில் இருக்க வேண்டும். 2017இல் வந்த லூமினஸ் பதிப்பிலிருந்து இதுவே வழக்கம். அதற்கு முந்தைய ஃபைல்ஸ்டோர் அமைப்பில் இருந்தால் ஒவ்வொரு டிஸ்க்காகக் காலி செய்து புதிதாக அமைக்க வேண்டியிருக்கும். இது மட்டும் உண்மையிலேயே சரக்கை நகர்த்தும் வேலை. தனியாக நாள் ஒதுக்க வேண்டும்.

5. மூன்று கம்ப்யூட்டர்களிலும் பாட்மேன் அல்லது டாக்கர் நிறுவியிருக்க வேண்டும். மூன்றின் கடிகாரமும் ஒரே நேரம் காட்ட வேண்டும். நேரம் தப்பினால் பஞ்சாயத்தார் ஒருவரை ஒருவர் நம்ப மாட்டார்கள்.

6. நினைவகத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு காவலருக்கு 4 ஜிகாபைட் என்பது செஃப்பின் வழக்கமான இலக்கு. இரண்டு டிஸ்க் உள்ள கம்ப்யூட்டருக்கு 8 ஜிகாபைட் இதற்கே போகும். மற்றவற்றையும் சேர்த்து 16 ஜிகாபைட் இருந்தால் நிம்மதி.

படிப்படியாக மாற்றும் வரிசை

முதல் படி, அமைப்பு விவரங்களைச் சேர்ப்பது. பழைய முறையில் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு அமைப்புக் கோப்பு தனித்தனியே இருக்கும். அவற்றில் உள்ளதைக் கூட்டின் பொதுப் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும். கிளைக்கு ஒரு நோட்டு என்று இருந்ததைத் தலைமைக் கடைப் பேரேட்டில் ஏற்றுவது போன்றது இது.

இரண்டாம் படி, பஞ்சாயத்தார். முதல் கம்ப்யூட்டரின் மானிட்டரைத் தத்தெடுத்து, அது மீண்டும் பஞ்சாயத்தில் வந்து உட்கார்ந்துவிட்டதா என்று பார்த்து, பிறகே இரண்டாவதைத் தொட வேண்டும். மூவரும் வந்தபின் மேனேஜர்களை அதே விதமாக மாற்ற வேண்டும்.

மூன்றாம் படி, மேனேஜருக்குள் செஃப்அட்ம் பகுதியை இயக்கி, மற்ற கம்ப்யூட்டர்களுக்குள் நுழைய ஒரு சாவி உண்டாக்கி, மூன்று கம்ப்யூட்டர்களையும் அவற்றின் பெயரோடு பதிய வேண்டும். கம்ப்யூட்டர் தன்னை என்ன பெயரில் அழைத்துக்கொள்கிறதோ அதே பெயரை எழுத்து மாறாமல் தர வேண்டும். பெயர் பொருந்தாவிட்டால் ஓடும் வேலையாட்களையே செஃப்அட்ம் அந்நியர்கள் என்று பட்டியலிடும்.

நான்காம் படி, டிஸ்க் காவலர்கள். ஒரு காவலரை 10 நிமிடத்துக்கு மேல் காணவில்லை என்றால், அவர் போய்விட்டார் என்று முடிவு கட்டி, அவரிடம் இருந்த பிரதிகளை வேறு டிஸ்க்கில் புதிதாக உண்டாக்க செஃப் தொடங்கிவிடும். சில டெராபைட் வீணாக ஓடும். இதைத் தடுக்க 'யாரையும் நீக்காதே' என்று ஒரு தற்காலிகக் கட்டளை உண்டு; நோ-அவுட் என்பார்கள். அதைப் போட்டுவிட்டு, ஒரு காவலரைத் தத்தெடுத்து, எல்லாப் பிரதிகளும் சுத்தமாக இருக்கின்றன என்ற பதில் வரும்வரை காத்திருந்து, அடுத்தவருக்குப் போக வேண்டும். நமது எடுத்துக்காட்டில் மொத்தம் ஆறு காவலர்கள். பொறுமையாகச் செய்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலுக்குள் முடியும் வேலை.

ஐந்தாம் படி, பெயர்ப் பதிவுக் குமாஸ்தா. இவரைத் தத்தெடுக்கும் வழி இல்லை. புதியவரைக் கண்டெய்னரில் நியமித்து, அவர் பொறுப்பேற்றதும் பழையவரை நிறுத்த வேண்டும். இவரிடம் சொந்தச் சொத்து எதுவும் இல்லை. பதிவேடு முழுவதும் காவலர்களிடமே இருக்கிறது. எனவே இழப்பு இல்லை.

ஆறாம் படி, சரிபார்ப்பு. கூட்டின் நிலையை விரிவாகக் கேட்டு, அந்நியர் எவரும் இல்லை என்று உறுதி செய்து, நோ-அவுட் கட்டளையை நீக்க வேண்டும். இதை நீக்க மறந்தால், பின்னொரு நாள் உண்மையிலேயே டிஸ்க் கெடும்போது செஃப் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பழைய செஃப் புரோகிராம்களை உடனே அழிக்காமல் சில நாள் ஓட்டம் பார்த்து அழிப்பது நல்லது.

கிடைக்கும் லாபம்

இவ்வளவு பாடுபட்டதன் பலன், அடுத்த முறை லினக்ஸுக்கு வயதாகும்போது தெரியும். தரவு டிஸ்க்குகளைத் தொடாமல், ஒரு கம்ப்யூட்டரில் லினக்ஸை மட்டும் புதிதாக ஏற்றி, பாட்மேனையும் சாவியையும் வைத்துவிட்டால், அந்த டிஸ்க்குகளில் உள்ள காவலர்களை மறுபடி எழுப்பிவிட ஒரே கட்டளை போதும். இடைப்பட்ட நேரத்தில் மற்ற இரண்டும் கடையை நடத்தும். செஃப்பின் பதிப்பை உயர்த்துவதும் ஒரே கட்டளை. மேனேஜர், பஞ்சாயத்தார், காவலர், குமாஸ்தா என்ற வரிசையில் ஒவ்வொருவராக அதுவே மாற்றிக்கொண்டு போகும். நடுவில் சந்தேகம் வந்தால் நிறுத்தியும் வைக்கலாம். வண்டியின் இரண்டு மாடுகளையும் இனிமேல் தனித்தனியே மாற்றலாம் என்பதுதான் இதன் சாரம்.

குறைகளும் உண்டு

எந்த வியாபாரத்திலும் லாபத்தை மட்டும் சொல்பவரை நம்பக் கூடாது. கண்டெய்னர்ப் பெட்டிகள் இணையத்திலுள்ள கிட்டங்கியிலிருந்து இறங்குகின்றன. இணையம் அறுந்த நாளில் ஒரு கம்ப்யூட்டரைப் புதிதாக அமைக்க நேர்ந்தால் திண்டாட்டம். எனவே ஓடும் பதிப்பின் பெட்டி ஒன்றை நம்மிடமே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். 'புதியது எதுவோ அதை எடு' என்று விடாமல், பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டே எடுக்க வேண்டும். நிகழ்வுப் பதிவுகள் பழைய இடத்தில் இல்லாமல் லினக்ஸின் பொதுப் பதிவேட்டுக்குப் போய்விடுவதால், பழைய இடத்தில் தேடிப் பழகியவர்கள் சில நாள் தடுமாறுவார்கள். எல்லாவற்றையும் விட முக்கியமாக, நிர்வாகச் சாவிக் கோப்பைக் கூட்டுக்கு வெளியே ஒரு நகல் வைத்து, கம்ப்யூட்டர் பெயர்களையும் டிஸ்க் எண்களையும் காகிதத்தில் எழுதிக் கடைப் பெட்டியில் வைக்க வேண்டும். அமைத்த பிள்ளை வெளியூர் வேலைக்குப் போய்விட்டால் அந்தக் காகிதம்தான் கைகொடுக்கும்.

யாருக்கு வேண்டாம்?

ஒரே கம்ப்யூட்டரில் பில் போடும் கடைக்கு இந்தக் கூட்டும் வேண்டாம், கண்டெய்னரும் வேண்டாம். இரண்டு வெளி டிஸ்க்குகளை வாங்கி, வாரம் ஒன்றில் மாற்றி மாற்றி நகல் எடுத்து, ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டிலும் வைத்தால் போதும். கூட்டு வைத்திருந்தும் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்கள், முதலில் ஆளைத் தேடிக்கொண்டு பிறகு மாற்றத்தைப் பற்றி யோசிக்கலாம். கூட்டும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார், லினக்ஸின் ஆதரவு முடியப் போகிறது என்ற நிலையில் உள்ளவர்கள்தான் தாமதிக்கக் கூடாது. ஆதரவு முடிந்தபின் ஓடுவதை விட, கூட்டு ஆரோக்கியமாக இருக்கும்போதே மாற்றிவிடுவது எளிது.

கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தையும், பண்டிகை விற்பனை நாட்களையும், ரிட்டர்ன் தாக்கல் செய்யும் வாரத்தையும் தவிர்த்து ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய வாரமே தனி நகலை எடுத்து, திறந்து பார்த்துவிடுங்கள். அந்த நகல் சரியாகத் திறந்தது என்றால் பாதி வேலை முடிந்தது. திறக்கவில்லை என்றால் அதைச் சரிசெய்வதே முதல் வேலை. மாற்றத்துக்கு வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம்.